சிறுவன் ஏன் சிரித்தான்?

(பழைய மாணவர் சந்திப்பில், பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)



காலையில் பேசிய மூத்தவர்கள் தொழில், வேலைவாய்ப்பு, கல்லூரி வளர்ச்சி நிதி என்று பயனுள்ள விஷயங்களைப் பேசினார்கள். எனக்குக் கிடைத்திருப்பது சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். வடை, பாயசம் எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க ஒரே வழிதான் உண்டு. பேய்க்கதை சொல்லப் போகிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "என் பையன் ஏதோ ஜப்பான் காமிக்ஸ் படிக்கிறான்டா. அட்டையில பார்த்தா பச்சைப் புல்வெளி, சின்னப் பசங்க, அழகா இருக்கு. உள்ளே திறந்தா குலை நடுங்குது. பிடுங்கி வெச்சிடலாமா?" அதற்கு 40 பதில்கள் வந்தன. பாதிப் பேர் "பிடுங்கு" என்றார்கள். மீதிப் பேர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்தவர் எவரும் இல்லை. நான் சிறுவயதிலிருந்தே காமிக்ஸ் பைத்தியம் என்பது ஊரறிந்த ரகசியம். எனவே இந்தத் தலைப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் அந்தப் புத்தகம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' என்பது பெயர். கையு ஷிராய் எழுத, பொசுகா டெமிசு படம் வரைய, 2016 முதல் 2020 வரை ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வெளிவந்து, 20 தொகுதிகளாக நிறைவுபெற்றது. கிரேஸ் ஃபீல்ட் என்று ஓர் அனாதை இல்லம். வெள்ளை உடை உடுத்திய குழந்தைகள். நல்ல சாப்பாடு, விளையாட்டு, தினமும் அறிவுத்திறன் தேர்வு. எல்லோரையும் அணைத்து வளர்க்கும் ஒரு தாய், இசபெல்லா. அவ்வப்போது ஒரு குழந்தைக்கு வளர்ப்புப் பெற்றோர் கிடைத்து வெளியே அனுப்பப்படும். ஒரு நாள் அப்படிப் புறப்பட்ட 6 வயதுச் சிறுமி தன் முயல் பொம்மையை மறந்துவிட்டுப் போகிறாள். அதைக் கொடுக்க எம்மா, நார்மன் என்ற இருவர் தடைசெய்யப்பட்ட வாயிலுக்கு ஓடுகிறார்கள். அங்கே வண்டியில் அந்தச் சிறுமி பிணமாகக் கிடக்கிறாள். அது இல்லமே அல்ல, பண்ணை. குழந்தைகள் அரக்கர்களுக்கு உணவாக வளர்க்கப்படுகிறார்கள். அன்பான அம்மாதான் பண்ணை மேற்பார்வையாளர். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் மூளைக்குத்தான் விலை அதிகம்.

கேட்டதும் "அடப்பாவிகளா, பிள்ளைகளுக்கு எழுதுகிற கதையா இது?" என்று தோன்றும். தோன்ற வேண்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வியை ஜப்பானுக்கு அனுப்புவதற்கு முன் வடபழனிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

1947-ல் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பின்னர் பல இந்திய மொழிகளிலும் வந்தது. 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. ஆனால் இந்த அரங்கில் 30 வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் அதன் ஒரு படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். கையில் உருவிய வாள், தோளில் தொங்கும் பிணம், நடந்துவரும் மன்னன். விக்கிரமாதித்தனும் வேதாளமும். அந்தப் படத்தைப் பல பத்தாண்டுகள் வரைந்தவர் ஓவியர் சங்கர், அதாவது கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். மறைவுக்குப் பின் 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

என் போன்றவர்கள் 1990-களின் நடுவில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, அண்ணனூருக்கும் பட்டாபிராமுக்கும் இடையே மின்சார ரயிலில் படித்து முடித்த பத்திரிகை அது. வீட்டில் எந்தப் பெரியவரும் "பிணம் இருக்கே, படிக்காதே" என்று சொன்னதில்லை. "நல்ல நீதிக்கதை, படி" என்றுதான் சொன்னார்கள். சற்று யோசித்துப் பாருங்கள். நடுநிசி, சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், பிணத்துக்குள் புகுந்த பேய். அதைத் தோளில் சுமக்கும் ஓர் ஆள். இதைத்தான் 7 வயதுப் பிள்ளைக்கு மாதாமாதம் வாங்கிக் கொடுத்தோம்.

இங்கே ஓர் இடைச்செருகல். "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது" என்பது நம் பழமொழி. வடமொழிக் கதையில் அது சிம்சுபா மரம். அசோகவனத்தில் சீதை அமர்ந்திருந்ததாக வால்மீகி சொல்லும் அதே மரவகை. தமிழுக்கு வந்ததும் முருங்கை ஆகிவிட்டது. முருங்கை பருத்தால் தூணாகுமா என்பதும் நம் பழமொழிதான். ஒரு பிணத்தின் எடையை முருங்கைக் கிளை தாங்குமா என்று இங்குள்ள சிவில் துறை நண்பர்கள் கணக்குப் போட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இனி மூலக்கதைக்கு வருகிறேன். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்னும் பெருநூலில் வேதாளக் கதைகள் 25 உள்ளன. தமிழிலும் 'வேதாளக் கதை' என்று நெடுங்காலமாக வழங்கிவந்தது. அந்தத் தமிழ் நூலை பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, அது 1831-லேயே லண்டனில் அச்சேறிவிட்டது. மூலத்தில் 25 தான். அம்புலிமாமா அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு புதுக்கதைகள் எழுதி வருஷக்கணக்கில் ஓட்டியது. அந்தப் புதுக்கதைகள் பெரும்பாலும் மென்மையானவை. ஆனால் சட்டம் பழைய சட்டம்.

அந்தச் சட்டத்துக்குள் இருப்பதைப் பாருங்கள். ஒரு துறவி தினமும் அரசனுக்கு ஒரு பழம் கொண்டுவந்து தருகிறான். அரசன் அதைப் பொக்கிஷதாரனிடம் கொடுத்துவிடுகிறான். ஒரு நாள் குரங்கு ஒன்று பழத்தைக் கடிக்க, உள்ளிருந்து மாணிக்கம் விழுகிறது. இத்தனை நாள் தந்த பழமெல்லாம் ரத்தினம்! அரசன் நெகிழ்ந்துபோய், என்ன வேண்டும் என்கிறான். துறவி கேட்பது ஓர் உதவி: தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் சுடுகாட்டுக்கு வந்து, மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவர வேண்டும். அங்கே எலும்புப் பொடியால் கோலம், குடங்களில் ரத்தம், மனிதக் கொழுப்பில் எரியும் விளக்கு. துறவியின் உண்மையான திட்டம், அரசனையே பலி கொடுத்து மந்திர சக்தி பெறுவது. கடைசியில் அதை அரசனிடம் சொல்லி எச்சரிப்பது யார்? பிணத்துக்குள் இருந்த வேதாளம்தான். "கீழே விழுந்து வணங்கு என்று அவன் சொல்வான். எப்படி என்று செய்து காட்டச் சொல்" என்று வேதாளம் சொல்லிக்கொடுக்க, அரசன் அப்படியே செய்து துறவியின் தலையை வெட்டித் தப்பிக்கிறான்.

ஆக, பயங்கரமாகத் தெரியும் பேய்தான் உண்மை பேசியது. தினமும் பழம் கொண்டுவந்த சாதுதான் கொலைகாரன். இது தற்செயல் இல்லை. 25 கதைகளையும் தாங்கி நிற்கும் அடித்தளமே இதுதான்.

இந்த அடித்தளத்தின் மேல் நிற்கும் கதைகளில் என்னை இன்றுவரை உலுக்குவது இருபதாவது கதை. சந்திராவலோகன் என்ற அரசன் காட்டில் ஓர் அரசமரத்தடியில் தங்குகிறான். அது ஜுவாலாமுகன் என்ற பிரம்மராட்சசனின் இருப்பிடம். அவன் அரசனைத் தின்ன வருகிறான். அரசன் கெஞ்சுகிறான். ராட்சசன் ஒரு நிபந்தனை போடுகிறான். 7 வயது அந்தணச் சிறுவன் ஒருவன் தானே மனமுவந்து உயிர்தர வேண்டும். அவன் கைகளைத் தாய் பிடிக்க வேண்டும், கால்களைத் தந்தை பிடிக்க வேண்டும், அரசனே வாளால் வெட்ட வேண்டும். 7 நாள் கெடு.

மந்திரி ஒரு பொற்சிலை செய்து வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் பறையறைகிறான்: பிள்ளையைத் தருகிறவர்களுக்கு இந்தச் சிலையும் 100 கிராமங்களும். ஒரு சிறுவன் தானே முன்வருகிறான். பெற்றோர் முதலில் மறுக்கிறார்கள், பிறகு ஒப்புக்கொள்கிறார்கள். காட்டில் எல்லாம் தயார். தாய் கையைப் பிடித்தாள். தந்தை காலைப் பிடித்தான். அரசன் வாளை ஓங்கினான். அந்த நொடியில் சிறுவன் சிரித்தான். அங்கிருந்த அத்தனை பேரும் செய்ததை விட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.

வேதாளம் கேட்கிறது: சிறுவன் ஏன் சிரித்தான்?

அரசன் சொல்லும் பதிலின் சாரம் இது. ஆபத்து வந்தால் குழந்தை தாயையும் தந்தையையும் கூப்பிடும். அவர்கள் இல்லாவிட்டால் அரசனிடம் முறையிடும். அரசனும் இல்லாவிட்டால் தெய்வத்தை அழைக்கும். இந்தச் சிறுவனுக்கு அவர்கள் அத்தனை பேரும் எதிரிலேயே இருக்கிறார்கள். ஒருவர் கையைப் பிடித்திருக்கிறார், ஒருவர் காலை, ஒருவர் வாளை. தெய்வத்தின் இடத்தில் இருப்பது வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. அழியப்போகும் ஓர் உடம்புக்காக உலகம் இப்படியெல்லாம் மயங்குகிறதே என்ற வியப்பில் சிரித்தான்.

நண்பர்களே, பேய்ப்படம் எடுப்பவர்கள் கதவைக் கிறீச்சிட வைத்துப் பயமுறுத்துகிறார்கள். இந்தக் கதையில் கதவே இல்லை. காப்பாற்ற வேண்டியவர்கள் பட்டியலை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கோடு போடுகிறது. அவ்வளவுதான். பயங்கரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

"அது காஷ்மீரத்துக் கதை, நமக்கென்ன" என்று யாரும் சொல்லிவிட முடியாது. இங்கிருந்து பூந்தமல்லி வழியாகப் போனால் குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். 12-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் சிறுத்தொண்ட நாயனார் வரலாற்றை அறியாதவர் இங்கு குறைவு. பைரவர் கோலத்தில் வந்த சிவனடியார் விருந்துக்குக் கேட்பது, 5 வயதுப் பிள்ளை, குடிக்கு ஒரே மகன். தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும். இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். பள்ளியிலிருந்து சீராளனை அழைத்துவருகிறார்கள். தாய் அவன் கால்களை மடியில் இடுக்கிக்கொள்கிறாள். கைகளும் பிடிக்கப்படுகின்றன. அப்போது அந்தக் குழந்தையும் சிரிக்கிறது. பெற்றோர் ஏதோ பெரிய மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சிரிக்கிறது.

பக்தர்கள் மனம் நோகும்படி ஒரு வார்த்தையும் நான் சொல்ல வரவில்லை. அந்த வரலாற்றின் முடிவில் "மைந்தா வா" என்று அழைக்கப்பட்ட பிள்ளை பள்ளியிலிருந்து வருவதுபோல ஓடிவருகிறான், இறைவன் காட்சி தருகிறார். பக்தியின் எல்லையைக் காட்ட வந்த கதை அது. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று: அந்தச் சிரிப்பை எழுதாமல் விட்டிருந்தாலும் கதை நடந்திருக்கும். சேக்கிழார் விடவில்லை. நம் பக்கத்து ஊர்க்காரரான அந்த மகாகவிக்குத் தெரியும், கேட்கிறவன் நெஞ்சு எங்கே உடையும் என்று.

இரண்டு சிரிப்புகள். ஒரு பிள்ளை எல்லாம் தெரிந்து சிரித்தது. இன்னொரு பிள்ளை எதுவும் தெரியாமல் சிரித்தது. கிரேஸ் ஃபீல்ட் இல்லத்துப் பிள்ளைகள் முதல் பக்கங்களில் சிரிப்பது இரண்டாவது வகை. உண்மை தெரிந்த பிறகு எம்மாவும் நார்மனும் அம்மாவுக்குச் சந்தேகம் வராதிருக்க முகத்தில் ஒட்டவைத்துக்கொள்ளும் சிரிப்பு மூன்றாவது வகை. அந்த மூன்றாவது சிரிப்புதான் என்னை அதிகம் கவலைப்படவைக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜப்பானிலும் இது புதிதல்ல. அவர்களுடைய சித்திரக்கதை உலகின் தந்தை என்று போற்றப்படும் ஒசாமு தெசுகா, மருத்துவம் படித்தவர், 1967-ல் 'டோரோரோ' என்ற தொடரைத் தொடங்கினார். அதில் ஒரு பிரபு அதிகாரம் வேண்டி 48 அரக்கர்களிடம் தன் பிறக்கப்போகும் மகனின் உடம்பை உறுப்பு உறுப்பாகப் பேரம் பேசிக் கொடுத்துவிடுகிறான். உறுப்புகள் இல்லாமல் பிறந்த குழந்தையை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். நமக்குக் கர்ணன் நினைவு வரும். ஒரு மருத்துவர் எடுத்து வளர்த்து, செயற்கைக் கை கால் பொருத்துகிறார். பையன் பெரியவனாகி ஒவ்வோர் அரக்கனாகக் கொன்று தன் உறுப்புகளைத் திரும்பப் பெறுகிறான். அங்கும் அரக்கர்கள் வாங்கியவர்கள்தான். விற்றவர் அப்பா.

காஷ்மீரம், குன்றத்தூர், டோக்கியோ. சமயம் வேறு, மொழி வேறு, காலம் வேறு. ஆனால் பிள்ளையைப் பிடித்திருக்கும் கை மட்டும் மாறவில்லை. ஏன் எல்லா ஊரிலும் இந்தக் கதையையே சொல்லியிருக்கிறார்கள்?

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், வார்ப்புகளைச் சோதிக்கும் பிரிவில். எங்களிடம் டி.பி. டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மெக்கானிக்கல்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பளபளவென்று இருக்கும் ஓர் உலோகப் பாகத்தைச் சுத்தம் செய்து, அதன் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசலுக்குள் போன சாயம் மேலே கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். பார்க்க ரத்தம் கசிவது போலவே இருக்கும். அந்த விரிசலைச் சாயம் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. சாயம் பூச மனமில்லாமல் "பார்ட் பளபளன்னு இருக்கு சார்" என்று அனுப்பிவைத்தால், ஓடும் வண்டியில் அது உடையும்.

நல்ல பயங்கரக் கதை செய்வதும் அந்த வேலைதான் என்பது என் எண்ணம். வீடு, பள்ளி, அதிகாரம், சமயம் என்று பளபளப்பாக இருக்கும் இடங்களில் எங்கே விரிசல் விழக்கூடும் என்று காட்டுகிறது. இது வெறும் இலக்கிய விசாரம் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பலாத்கார வழக்குகளில், 10-க்கு 9-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். முருங்கை மரத்திலிருந்து குதித்து வந்த வேதாளம் இல்லை. தினமும் பழம் கொண்டுவந்தவர்.

நாமோ பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்க்கிறோம்? "முகம் தெரியாதவங்க சாக்லேட் கொடுத்தா வாங்காதே." நல்ல அறிவுரைதான். ஆனால் அது 10-ல் ஒன்றுக்குக் குறைவான வழக்குக்குச் சொல்லும் அறிவுரை. மீதி 9-ஐப் பற்றி நமக்குப் பேச வாய் வருவதில்லை. "சித்தப்பாவைப் பத்தி எப்படிச் சொல்றது, டியூஷன் சாரைப் பத்தி எப்படிச் சொல்றது" என்று கூச்சம். அந்தக் கூச்சத்தால் நாம் சொல்லாமல் விட்டதைத்தான் 1,000 வருஷமாகக் கதைகள் சொல்லிவருகின்றன. பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும் வயதில் கதையாகவே புரிந்துகொள்கிறது. தன் சித்தப்பாவைச் சந்தேகிக்காமலேயே, அன்பானவர் போல ஒருவர் இருந்துகொண்டு தீங்கும் செய்ய முடியும் என்ற அறிவு அதற்குக் கிடைத்துவிடுகிறது.

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு. அவளும் இந்த 'நெவர்லேண்ட்' பைத்தியம். அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீதானே இந்தக் காமிக்ஸ் பழக்கத்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்தவன், நீயே அவகிட்ட பேசு" என்று உட்காரவைத்துவிட்டாள். அந்தக் கதையின் ஜப்பானிய மூலத்தில் பிள்ளைகள் இசபெல்லாவை அழைப்பது 'மாமா' என்று. அம்மா என்று பொருள். நம் வீட்டில் மாமா நான்தான் என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட கேலி.

கேலி முடிந்ததும் அவள் கேட்டாள்: "மாமா, ஒரு டவுட்டு. அந்த இசபெல்லாவுக்குப் பிள்ளைங்க மேல பாசம் நிஜமா, நடிப்பா?"

கதையை இன்னும் படிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். இசபெல்லாவும் சிறுமியாக அதே இல்லத்தில் வளர்ந்தவள். உண்மையைத் தெரிந்துகொண்டு தப்பிக்கப் பார்த்து, முடியாமல் போய், உயிர் பிழைக்க இருந்த ஒரே வழியாகப் பண்ணைத் தாய் ஆனவள். அந்த இல்லத்துப் பிள்ளைகளில் ரே என்பவன் அவள் வயிற்றில் பிறந்தவன். அவனையும் மற்றவர்களோடு சேர்த்துத்தான் வளர்க்கிறாள். இப்போது சொல்லுங்கள், நடிப்பா, நிஜமா?

வேதாளத்தின் நிபந்தனை உங்களுக்கு நினைவிருக்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். "படிச்சுட்டுப் போய் ஹோம்வொர்க் பண்ணு" என்று சொல்லி நான் தப்பியிருக்கலாம். சொன்னேன்: "பாசம் நிஜம்தான்மா. ஆனா அந்த வீட்டு விதியை எதிர்த்து நிக்க அவளால முடியலை. பயந்து அந்த விதிக்குள்ளேயே பெரியவளாயிட்டா. பாசம் இருக்கிறவங்க கெடுதல் பண்ணவே மாட்டாங்கன்னு நினைக்கக் கூடாது. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படீன்னா, யாராவது 'இதை உங்கம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா, அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லிடணும். அதானே மாமா?" என்றாள்.

அடுத்த அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். பள்ளியில் இதையே ஒரு வகுப்பாக எடுத்து, தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாளில் எழுதியது பாடம். இது அவளே கண்டுபிடித்தது. அன்று அம்மாவும் மகளும் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எனவே பிடுங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அரசாங்கமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. அமெரிக்காவில் பயங்கரக் காமிக்ஸுக்கு எதிராகப் பெரிய கூச்சல் எழுந்து, 1954-ல் பதிப்பாளர்களே தங்களுக்குக் கட்டுப்பாட்டு விதிகள் போட்டுக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில், 1956-ல், நம் நாட்டிலும் இளம் வயதினருக்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் வந்தது. வன்முறை, கொடுமை, அருவருப்பும் பயங்கரமும் கொண்ட நிகழ்ச்சிகளைப் படங்களோடோ படங்கள் இல்லாமலோ சொல்லி இளையோரைக் கெடுக்கக்கூடிய கதைகளைத்தான் அது குறிவைத்தது. 20 வயதுக்குட்பட்டவர் எல்லாரும் அதன் கணக்கில் இளம் வயதினர். அந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து வைத்து அளந்தால், பிணம் சுமக்கும் விக்கிரமாதித்தன் பாடே திண்டாட்டமாகியிருக்கும்! யாரும் அப்படி அளக்கவில்லை, நல்லவேளை.

அதற்காக எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1989-ல் கென்டாரோ மியுரா தொடங்கிய 'பெர்செர்க்' பெரிய படைப்பு; ஆனால் பெரியவர்களுக்கான இதழில் பெரியவர்களுக்காக வந்தது. படமாக இருப்பதால் அது குழந்தைப் புத்தகம் ஆகிவிடாது. ஜப்பானியர்களே வயது பார்த்துத்தான் இதழ்களைப் பிரித்து வெளியிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுகிறது. அதனால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

நான் பயன்படுத்தும் அளவுகோல் எளியது. முதலாவது, கதையில் குழந்தைக்கு நேரும் கொடுமையைப் பார்த்து நாம் பதற வேண்டும் என்று கதை விரும்புகிறதா, ரசிக்க வேண்டும் என்று விரும்புகிறதா? ரசிக்கச் சொன்னால் அது வேண்டாம். இரண்டாவது, புத்தகத்தை மூடிய பிறகு பிள்ளையிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறதா? வெறும் ரத்தம் மட்டும் மிச்சம் இருந்தால் அதுவும் வேண்டாம். மூன்றாவது, பிள்ளைக்கு அதைப் படித்தபின் தூக்கம் கெடுகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா? அப்படியானால் எவ்வளவு பெரிய காவியமானாலும் இன்னும் 2 வருஷம் கழித்துப் படிக்கட்டும். இவை மூன்றையும் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நாமும் படித்தால்தான் தெரியும்.

மூன்றாவது வகைச் சிரிப்பு என்றேனே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிடுங்கி வைத்தால் பிள்ளை படிப்பதை நிறுத்தாது. நமக்குத் தெரியாமல் படிக்கும். நம்மைப் பார்த்ததும் ஒன்றுமே நடக்காதது போலச் சிரிக்கும். ஒரு காமிக்ஸுக்காக அப்படிச் சிரிக்கப் பழகிய பிள்ளை, நாளை நிஜமான ஆபத்து ஒன்று வந்தாலும் அதே சிரிப்பைத்தான் நமக்குக் காட்டும். அதற்குப் பின்னால் இருப்பது நமக்குத் தெரியாமலே போகும். ஒரு புத்தகத்தைத் தடுத்ததற்கு இவ்வளவு பெரிய விலையா?

வேதாளக் கதையில் எனக்குப் பிடித்த விஷயம் இது. மன்னன் பேசிவிட்டால் வேதாளம் மரத்துக்குப் போய்விடும். அத்தனை தூரம் திரும்ப நடக்க வேண்டும். அது தெரிந்தும் கதைக்குக் கதை வாயைத் திறந்து பதில் சொன்னான். அந்தப் பொறுமையைக் கண்டுதான் வேதாளம் கடைசியில் அவன் உயிரைக் காப்பாற்றும் ரகசியத்தைச் சொன்னது. பிள்ளைகளும் அப்படித்தான். 20 அற்பக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகே 21-ஆவதாக முக்கியமானதைக் கேட்பார்கள்.

இந்த மலரைப் படிக்கும் நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098. கட்டணம் கிடையாது. நம் கல்லூரி எண்ணை மனப்பாடம் செய்த மாதிரி இதையும் செய்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். இன்னொன்று, அடுத்த ஆண்டு சந்திப்புக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளை இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் ஒன்றை நீங்களும் முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் தலை சுற்றும், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். சந்தேகம் வந்தால் பிள்ளையையே கேளுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ரொம்பப் பிடிக்கும்.

தூங்காமல் கேட்டவர்களுக்கு நன்றி. தூங்கியவர்களுக்கும் நன்றி; சுடுகாட்டுக் கதைக்கு நடுவே தூங்கியது உங்கள் தைரியத்தைக் காட்டுகிறது.